உங்களுக்குத் தெரியுமா? நாலு சக்கரமும் ஒரே அளவில் தேய வேண்டும்!

● ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் தேய்ந்த டயர்களில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மிச்சம் பிடிப்பதுபோல் தோன்றினாலும் பெரிய செலவில் கொண்டுபோய் விடலாம்.

● 700 மி.மீ. விட்டமுள்ள புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 455 முறை சுழலும். ட்ரெட் (சாலையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) 5 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 10 மி.மீ. குறைந்து, சுழற்சி 461 ஆகும்.

● மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் 4 எச் (நாலு சக்கர இயக்கம்) போட்டதும் முன், பின் அச்சுகளுக்கான தண்டுகள் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். சுழற்சி வித்தியாசத்தை மண்ணும் சேறும் டயரை வழுக்கவிட்டுச் சமாளிக்கும். காய்ந்த தார்ச்சாலையிலோ அந்த முறுக்கம் முழுவதும் கியர்களின் தலையில் விழும்.

● எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் டயர் அளவு வேறுபட்டால், முன், பின் அச்சுகளின் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும்.

● அமெரிக்காவில், பழைய டயர்களின் அளவுக்கு ஈடாகப் புது டயரின் ட்ரெடைச் சீவிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு!

● இந்தியாவில் கார் டயருக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ.

● டயர் பக்கவாட்டில் 3523 என்றிருந்தால், அது 2023-ஆம் ஆண்டின் 35-வது வாரத் தயாரிப்பு.

● ஒரே அளவு ஸ்டெப்னியையும் டயர்களை இடம் மாற்றும் சுழற்சியில் சேர்த்தால் ஐந்தும் சீராகத் தேயும்.