கணிப்பொறிக் காலத்தில் எழுத்துத்திறன்: தெளிவு யார் பொறுப்பு?

1. முன்னுரை

கணிப்பொறியின் வரவால் எழுத்துத்திறனின் தேவை குறைந்துவிட்டது என்னும் கருத்து இன்று பரவலாக நிலவுகிறது. பிழைகளைத் திருத்தும் மென்பொருள்கள் உள்ளன. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்துத் தரும் பொறிகள் உள்ளன. கேட்டவுடன் கட்டுரையே வரைந்து தரும் பொறிகளும் வந்துவிட்டன. ஆகவே, எழுதுவோர் கருத்தை ஏதோ ஒருவாறு பதிவு செய்தாலே போதும், எஞ்சியதைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்று எண்ணப்படுகிறது. இக்கருத்து தமிழைப் பொறுத்தவரை பொருந்தாது என்பதையும், எழுதுவோரின் பொறுப்பு முன்னினும் மிகுந்துள்ளது என்பதையும் சில சான்றுகள்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பொறுப்பு இடம்மாறிய வரலாறு

எழுதப்பட்டதற்கும் புரிந்துகொள்ளப்பட வேண்டியதற்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அதனை நிரப்பும் பொறுப்பு எழுதுபவருக்கா, படிப்பவருக்கா என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு வடிவில் தெளிவாக இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. இவை அனைத்தையும் படிப்பவரே தம் யாப்பறிவாலும் இலக்கணப் பயிற்சியாலும் நிரப்பிக்கொண்டார். அதாவது, தெளிவின் பொறுப்பு படிப்பவரிடமே இருந்தது.

18ஆம் நூற்றாண்டில் எகர ஒகரக் குறில் நெடில்களை வடிவத்தால் வேறுபடுத்தியது வீரமாமுனிவரின் சீர்திருத்தமாகப் போற்றப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் நிறுத்தக்குறிகளைப் பயன்படுத்தினார். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் சுவடிகளில் மறைந்திருந்ததை அச்சில் வெளிப்படையாக்கினர். இவ்வாறு தெளிவின் பொறுப்பு சிறிது சிறிதாகப் படிப்பவரிடமிருந்து எழுதுபவருக்கும் பதிப்பிப்பவருக்கும் மாறியது. அச்சுக் காலத்தில் அச்சுக்கோப்பவர், மெய்ப்புத் திருத்துபவர், பதிப்பாசிரியர் ஆகிய மூவரும் அப்பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர்.

கணிப்பொறிக் காலத்தில் இருபெரும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஒன்று, அந்த இடைநிலையாளர் பல இடங்களில் இல்லாமற்போயினர். எழுதுபவரே தட்டச்சு செய்து அவரே வெளியிடுகிறார். மற்றொன்று, எழுத்தின் முதல் வாசகராகப் பொறி வந்துள்ளது. மனிதர் படிப்பதற்கு முன்னரே தேடுபொறியும் மொழிபெயர்ப்புப் பொறியும் அதனைப் படித்துவிடுகின்றன. இப்புதிய வாசகருக்கு எழுதியவர் யார் என்பதும் எந்தச் சூழலில் எழுதினார் என்பதும் தெரியா. ஆகவே, தெளிவின் பொறுப்பு ஏறத்தாழ முழுவதுமாக எழுதுபவரிடம் வந்து சேர்ந்துள்ளது.

3. கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு

1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தரப்படவில்லை. அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தே உயிர்மெய்யாகின்றன. இதனால் பொறி காண்பது எழுத்தின் வடிவத்தை அன்று, குறிகளின் வரிசையையே.

'கௌரவம்' என்னும் சொல்லை ஔகாரக் குறியிட்டு எழுதலாம். எகரக்கொம்பும் அதனையடுத்து ளகரமும் இட்டு 'கெளரவம்' என்றும் பலர் எழுதுகின்றனர். திரையில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. ஆனால், எழுத்தை எழுத்தோடு அப்படியே ஒப்பிடும் தேடுமுறைக்கு இவை இருவேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிட்டாது. அச்சில் இது பிழையே அன்று. மின்தரவிலோ சொல்லடைவையும் சொல்நிகழ்வு எண்ணிக்கையையும் பாதிக்கும் பிழையாகிறது. சுவடிக் காலத்தில் ரகரமும் காலும் மயங்கிய நிலை புதிய உருவில் மீண்டும் வந்துள்ளது எனலாம். அன்று மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளப் படிப்பவரால் இயன்றது. இன்று அது மயக்கம் என்பதே அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

4. சந்தியும் சொற்பிரிப்பும்

வல்லினம் மிகுதல், மிகாமை பற்றிய விதிகளைப் பலரும் வெறும் மரபாகவே கருதுகின்றனர். அவை பொருளைச் சுமக்கும் குறிகள் என்பதைப் பின்வரும் இணைகள் காட்டும்.

அ) தந்த பலகை - கொடுத்த பலகை; தந்தப் பலகை - தந்தத்தால் ஆன பலகை.
ஆ) வேலை கொடுத்தான் - பணி கொடுத்தான், வேலைக் கொடுத்தான் - வேற்படையைக் கொடுத்தான்.
இ) பொய் சொல் - பொய் கூறு, பொய்ச்சொல் - பொய்யான சொல்.

ஒவ்வோர் இணையிலும் உள்ள சொற்கள் அனைத்தும் அகராதியில் இருப்பவை. எனவே, சொல்லைச் சொல்லாக மட்டும் அகராதியோடு ஒப்பிடும் பிழைதிருத்தி இவற்றில் எதனையும் பிழையென்று சுட்டாது. எழுதியவர் எப்பொருளைக் கருதினார் என்பது அதற்குத் தெரியாது.

சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவதும் இத்தகையதே. 'தள்ளிப்போட்டனர்' என்பது ஒத்திவைத்தனர் எனப் பொருள்படும் கூட்டுவினை. 'தள்ளிப் போட்டனர்' என்பது தள்ளுதல், போடுதல் ஆகிய இரு செயல்களையும் குறிக்கலாம். 'வந்துவிட்டான்' என்பதில் 'விடு' துணைவினை. 'கொண்டுவந்து விட்டான்' என்பதில் அது முதல்வினையாகவும் இருக்கலாம். துணைவினையைச் சேர்த்தும் முதல்வினையைப் பிரித்தும் எழுதும் ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டால் படிப்பவர்க்கும் பொறிக்கும் பொருள் ஐயமின்றி விளங்கும். ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் சேர்த்தும் ஓரிடத்தில் பிரித்தும் எழுதினால் இடைவெளி தன் பொருளை இழந்துவிடுகிறது.

5. குரலின் இடத்தை நிரப்பும் எழுத்து

சந்தியும் இடைவெளியும் சரியாக அமைந்த தொடரிலும் இருபொருள் எழலாம்.

ஈ) அமைச்சர் நேற்று இறந்த தலைவரின் இல்லத்திற்குச் சென்றார்.
உ) மருத்துவர் கூறியது போல் நோயாளி மாத்திரையை நிறுத்தவில்லை.

முதல் தொடரில் 'நேற்று' நிகழ்ந்தது இறப்பா, அமைச்சரின் செலவா என்பது தெளிவில்லை. இரண்டாவதில், மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா, நிறுத்த வேண்டாம் என்றாரா என்பதே தெளிவில்லை. எதிர்மறை 'போல்' என்னும் தொடரையும் தழுவுகிறதா, இல்லையா என்பதே இங்குள்ள சிக்கல்.

பேச்சில் இத்தகைய ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை. நிறுத்தமும் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை வரையறுத்துவிடுகின்றன. எழுத்தில் குரல் இல்லை. அதன் பணியைச் சொல்வரிசை, நிறுத்தக்குறி, இடைச்சொல் ஆகியவையே ஆற்ற வேண்டும். ஈ-இல் 'நேற்று' என்பதை அடுத்துக் காற்புள்ளி இடலாம். 'இறந்த தலைவரின் இல்லத்திற்கு அமைச்சர் நேற்றுச் சென்றார்' எனச் சொல்வரிசையை மாற்றுவது இன்னும் நன்று. உ-ஐ, 'மருத்துவர் கூறியபடியே நோயாளி மாத்திரையை நிறுத்தாமல் உட்கொண்டு வந்தார்' என்றோ, 'நிறுத்துமாறு மருத்துவர் கூறியும் நோயாளி மாத்திரையை நிறுத்தவில்லை' என்றோ எழுதலாம். ஏகாரமும் உம்மையும் இங்கே அணியாக வரவில்லை. குரல் செய்யும் வேலையைச் செய்கின்றன. எழுத்துத்திறன் என்று நாம் கூறுவதன் பெரும்பகுதி, பேச்சில் குரல் தருவதை எழுத்தில் இலக்கணக் கூறுகளால் ஈடுசெய்யும் திறனேயாகும்.

6. மொழிபெயர்ப்பில் மறையும் பிழை

2011இல் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழைச் சேர்த்தது. 2022இல் இந்திய மொழிகளுக்கென நடுவணரசு பாஷிணித் திட்டத்தைத் தொடங்கியது. இன்றைய பொறிகள் பெருந்தரவுகளிலிருந்து கற்ற நிகழ்தகவைக் கொண்டு பெயர்க்கின்றன. ஐயம் எழும் இடத்தில் மிகுதியாக வழங்கும் பொருளின் பக்கமே அவை சாய்கின்றன. ஒற்று விடுபட்ட 'வேலை' ஏறத்தாழ எப்போதும் பணி என்றே பெயர்க்கப்படும். அரிய பொருளை எழுத விரும்புபவரே இதனால் மிகுதியும் இழக்கிறார்.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. அச்சுப்பிழை கண்ணில் படும். படிப்பவர் ஐயுற்று நிற்பார். பொறியின் மொழிபெயர்ப்போ பெரும்பாலும் ஒழுகிய நடையில் அமைகிறது. மூலத்தில் இருபொருள் பட்ட உ-ஆம் தொடர், இலக்குமொழியில் ஒருபொருள் மட்டும் தரும் செவ்விய தொடராக வெளிவரக்கூடும். அங்கே ஐயத்தின் தடமே இல்லை. அம்மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கும் மருத்துவருக்கு, நோயாளி அறிவுரையைப் பின்பற்றினாரா, மீறினாரா என்பது தவறாகத் தெரிவிக்கப்படலாம். ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு பிற இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கும்போது அத்தவறு அத்தனை மொழிகளுக்கும் பரவுகிறது.

தமிழில் 'அவர்' என்பது ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொது. பால் காட்டும் மொழிக்குப் பெயர்க்கையில் பொறி ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மூலத்தில் பெயரோ உறவோ ஒருமுறை குறிக்கப்பட்டிருந்தாலும், அது அண்மையில் இல்லையெனில் தேர்வு பிழைபடக்கூடும். இங்கும் மூலத்தை எழுதுபவரின் கவனமே முதற்காப்பு.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சந்தி விதிகளை மனப்பாடப் பகுதியாக அன்றி, பொருள் வேறுபாட்டைக் காட்டும் கருவியாகக் கற்பிக்க வேண்டும். 'தந்த பலகை, தந்தப் பலகை' போன்ற இணைகளே அதற்குச் சிறந்த பாடம். இரண்டாவதாக, அரசு, மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளில் பொறிக்கு அனுப்பும் முன் மூலத்தையே செப்பனிடும் முறை வேண்டும். ஒரு மூலத்தைத் திருத்துவது, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டதைத் தனித்தனியே திருத்துவதினும் எளிது. மூன்றாவதாக, பொறி பெயர்த்ததைச் செப்பனிடும் மொழிபெயர்ப்பாளர் இலக்குமொழியின் ஒழுக்கை மட்டும் கண்டு நிறைவடையலாகாது. ஒவ்வொரு தொடரையும் மூலத்தோடு ஒப்பிட்டு, மூலம் இருபொருள் பட்டதா என்று வினவ வேண்டும்.

பொறிகள் இனியும் வளரும். இங்குக் காட்டிய சில ஐயங்களை அவை சூழலிலிருந்து தீர்த்துக்கொள்ளவும் கூடும். எனினும், எழுதியவர் எழுத்தில் வையாத பொருளை எந்தப் பொறியாலும் உறுதியாகக் கூற இயலாது, ஊகிக்கவே இயலும். அவ்வூகத்திற்கு இடமளிக்காமல் எழுதுவதே இக்காலம் வேண்டும் எழுத்துத்திறனாகும்.