கேட்டுக்கு வெளியேயும் தொழிற்சாலை உண்டு

சப்ளையரின் ஆலையை நேரில் பார்த்து மதிப்பிடுவது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் அன்றாடம் நடக்கும் வேலை. இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாத்தூர் எனப் பரந்து கிடக்கும் இந்த வட்டாரத்தில் கார், லாரி, கைப்பேசி நிறுவனங்களை நம்பி நூற்றுக்கணக்கான சிறிய, நடுத்தர ஆலைகள் உதிரிபாகம் செய்கின்றன. ஆர்டர் தருவதற்கு முன் ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் நிறுவனத்தின் ஆட்கள் வந்து ஆடிட் செய்வார்கள். அந்த ஒரு நாளில் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் போகிறார்கள் என்பதில் பலருடைய உடலும் உயிரும் அடங்கியிருக்கின்றன.

2021 டிசம்பரில் நடந்தது இதற்குச் சான்று. ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலை செய்த பெண்கள், தாங்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் நோயுற்றார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில தன் விதிமுறைப்படி இல்லை என்று டிசம்பர் 29 அன்று அறிவித்த ஆப்பிள், ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் வேலை மீண்டும் தொடங்கியது. பொருளின் தரத்தில் குறை கண்டு ஆலை நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியே, பெண்கள் உண்டு உறங்கிய இடத்தில் இருந்த குறைதான் அதை நிறுத்தியது. லைனை மட்டும் சுற்றிப் பார்க்கும் ஆடிட் இதை ஒருநாளும் கண்டுபிடிக்காது.

சான்றிதழும் நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை, தொழிலாளர் நிலைமைக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் பெற்ற சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வாங்குபவர் அரசு ஆய்வாளர் அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வந்து சேர்ந்த பொருளைப் பரிசோதிக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. அது செய்யப்படும் ஆலைக்குள் நுழையும் உரிமையைத் தரவில்லை. அந்த உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால்தான் உண்டு. ஆகவே முன்னறிவிப்பில்லாமல் வருவது, இரவு ஷிப்டைப் பார்ப்பது, தொழிலாளர்களோடு தனியே பேசுவது, விடுதிக்குச் செல்வது ஆகியவற்றை ஆர்டர் கையெழுத்தாகும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். சப்ளையருக்கும் இதில் உரிமை உண்டு. அவருடைய ஷெட்டில் வேறு வாடிக்கையாளரின் டையும் மோல்டும் இருக்கும். அனுமதியின்றிப் படம் எடுப்பதை அவர் தடுக்கலாம்.

உள்ளே போனதும், பார்வைக்கென்று எடுத்து வைத்த சாம்பிளை ஒதுக்கிவிட்டு, அனுப்பத் தயாராக இருக்கும் ஒரு பெட்டியை எடுப்பது நல்லது. அதன் பேட்ச் எண்ணைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சோதனை, இயந்திரம், இயக்கியவர், மூலப்பொருள் வந்த நாள் என்று பின்னோக்கிப் போக வேண்டும். எந்த இடத்தில் பதிவு அறுகிறதோ அங்கே ஆலையின் பலவீனம் தெரியும். அளவுக் கருவிகளின் காலிபரேஷன் தேதியையும் ரிஜெக்‌ஷன் பெட்டியையும் பார்க்க வேண்டும். இயந்திரங்களின் எண்ணிக்கைக்கும் மின்கட்டணத்துக்கும் பொருந்தாத அளவு உற்பத்தி வெளியே போகிறதென்றால், வேலையின் ஒரு பகுதி வேறெங்கோ ஜாப் ஒர்க்காகப் போகிறது. அந்த ஷெட்டை ஒருவரும் ஆடிட் செய்ததில்லை.

பவர் பிரஸ் அருகில் மட்டும் அவசரப்படவே கூடாது. விரல்கள் போவது அங்கேதான். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். இறங்கும் நேரத்தில் கை உள்ளே இருக்க முடியாது என்பதே அதன் கணக்கு. உற்பத்தி எண்ணிக்கையை எட்டுவதற்காக ஒரு பொத்தானை டேப் ஒட்டியோ கம்பி கட்டியோ நிரந்தரமாக அழுத்தி வைத்திருந்தால், அந்த இயந்திரம் அப்போதே நிறுத்தப்பட வேண்டும். அடுத்த மாதம் சரிசெய்கிறோம் என்ற பதிலை ஏற்பதற்கில்லை. புதிய, தானியங்கி இயந்திரம் என்பதாலும் ஆபத்து நீங்கிவிடாது. 2010இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் அத்தகைய இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

ஆவணங்களைத் தனித்தனியே படித்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஞாயிறு விடுமுறை என்றிருக்க, உற்பத்திப் பதிவில் அதே நாளில் பேட்ச் எண் இருந்தால், கணக்கில் வராத ஓவர்டைம் நடந்திருக்கிறது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கர்நாடகத்தின் நரசாபுராவில் விஸ்ட்ரானின் ஐபோன் ஆலை 2020 டிசம்பரில் தொழிலாளர்களால் சூறையாடப்பட்டபின், அங்கே வேலை நேரப் பதிவும் சம்பளப் பட்டுவாடாவும் ஒழுங்காக இல்லாதது தெரியவந்தது. ஈ.எஸ்.ஐ. பதிவுத் தேதியையும் வேலையில் சேர்ந்த தேதியோடு ஒப்பிட வேண்டும். சேர்ந்து பல மாதம் கழித்து, விபத்து நடந்த அன்று ஒருவரின் பெயர் பதிவாகியிருந்தால் அதற்கு விளக்கம் தேவையில்லை.

கான்ட்ராக்ட் தொழிலாளர் விஷயத்தில் "அது கான்ட்ராக்டர் பொறுப்பு" என்ற பதில் இங்கே அடிக்கடி கிடைக்கும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான ஆலையே தர வேண்டும். பெண்கள் தங்கும் விடுதிக்கு 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, சமையல் ஒப்பந்ததாரருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டதோடு நிற்காமல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் தொழிலாளர்களோடு பேசும்போது கான்ட்ராக்டரின் ஆளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. சொன்னவர் பெயரையும் அறிக்கையில் எழுதக் கூடாது.

குறை கண்டவுடன் ஆர்டரை ரத்து செய்வது எளிது; ஆனால் வேலையிழப்பது தொழிலாளர்தான். இன்ன குறை, இன்ன தேதிக்குள், யார் பொறுப்பு என்று எழுதி வாங்கி, மறுபடி வந்து பார்ப்பதே பயன் தரும். ஃபாக்ஸ்கான் விஷயத்தில் ஆப்பிள் விலகிப் போகவில்லை. தமிழக அரசும் தங்குமிடப் பிரச்சினையில் இறங்கியது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

உயிருக்கு ஆபத்தான நிலையைத் தொழிலாளரே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகாராகத் தரலாம். புகார் தந்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்று இந்தியா 1949இல் ஏற்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை சொல்கிறது. வேலையில் காயம்பட்டவருக்கு, முதலாளி ஈ.எஸ்.ஐ. பணம் கட்டாமல் இருந்தாலும் உதவித்தொகை கோர வழி உண்டு. ஈ.எஸ்.ஐ. கழகம் அதை முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்.

சிறிய சப்ளையருக்கு உரிய பாதுகாப்பைப் பற்றி, வாங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பில் தொகையை ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டு, பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புக் கருவி வாங்கவில்லையே என்று கேட்பது நியாயமல்ல. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குப் பொருளை ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். அதைக் கேட்டுப் பெற, அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கல் மன்றத்தில் சப்ளையர் மனு செய்யலாம்.