வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் வக்கீலைப் பாருங்கள்!

மயிலாப்பூரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. மாட வீதிக்குப் பக்கம். நல்ல காற்றோட்டம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. விலையும் கொஞ்சம் குறைவு. வீட்டம்மாவுக்குப் பிடித்துவிட்டது. தரகரோ அவசரப்படுத்துகிறார்.

"நாளைக்குள் அட்வான்சு கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்!"

பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகின்றன. முதலில் பணத்தைக் கொடுக்கிறார்கள். பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள். பத்திரத்தில் கோளாறு இருப்பதாக வக்கீல் சொன்னால், கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான். இருபது வருஷச் சேமிப்பு ஒரே நாளில் சிக்கிக்கொள்கிறது.

பத்திர ஆபீசில் பார்க்க மாட்டார்களா?

"கோளாறு இருந்தால் பத்திர ஆபீசிலேயே சொல்லிவிட மாட்டார்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி நம்பி இருக்கக் கூடாது. பத்திரத்தை அரசாங்கப் புத்தகத்தில் ஏற்றுவதுதான் பதிவு. விற்பவருக்கு அந்த வீட்டில் உண்மையான உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் உரிமையைப் பார்ப்பது யார்? வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் வக்கீல்.

எந்த வக்கீல்?

இங்கிலாந்தில் வீடு வாங்கி விற்கும் வேலைகளைப் பார்க்க 'சாலிசிட்டர்' என்ற தனி வகை வக்கீல்கள் உண்டு. நம் நாட்டில் 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி எல்லாரும் 'அட்வகேட்'தான். ஆனால் எல்லா வக்கீலும் எல்லா வேலையும் செய்வதில்லை. கிரிமினல் கேசில் பேர் வாங்கியவருக்குப் பழைய தாய்ப் பத்திரத்தைப் படித்துப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். சொத்துப் பத்திரம் பார்த்துப் பழகியவரா என்று நேராகவே கேட்டுவிடலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகையால் அக்கம்பக்கத்தில் வீடு வாங்கியவர்களை விசாரிப்பதே நல்ல வழி. விற்பவரின் வக்கீலையும், தரகர் கூட்டி வரும் வக்கீலையும் நம்பி இருக்க வேண்டாம். பாங்கு வக்கீல் பார்த்தாரே என்று இருந்துவிடவும் கூடாது. அவர் பாங்கின் பணத்துக்குக் காவல். உங்கள் பணத்துக்கு வேறு காவல் வேண்டும்.

பீஸ் எவ்வளவு? பத்திரங்களைப் படித்து எழுத்து மூலம் கருத்துச் சொல்ல எவ்வளவு, கிரயப் பத்திரம் எழுத எவ்வளவு, பதிவு நாளன்று கூட வர எவ்வளவு என்று தனித்தனியாக முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திர எழுத்தர்கள் வேறு. லைசென்சு பெற்ற அவர்கள் பத்திரத்தை முறையாக எழுதித் தருவார்கள். உரிமை சரியா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு அவர்களுடையது அல்ல.

இடத்துக்கு ஒரு கேள்வி

மயிலாப்பூரில் முதல் கேள்வி, மனை யாருடையது என்பதுதான். கபாலீசுவரர் கோவிலுக்கு அங்கே பல மனைகள் சொந்தம். வீடு ஒருவருடையதாக இருக்கும். அடியில் உள்ள நிலம் கோவிலுடையதாக இருக்கும். 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி, கமிஷனரின் அனுமதி இல்லாமல் கோவில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது.

பரம்பரை வீடானால் இன்னொரு கேள்வியும் உண்டு. பெண் மக்கள் கையெழுத்துப் போட்டார்களா? தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்த சட்டத் திருத்தங்கள் இந்துக் குடும்பங்களில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தன. "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோம்" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

தியாகராய நகரின் கதை வேறு. நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே ஏரி இருந்தது. 1920-களில் அதை வற்றவைத்து, மனை பிரித்து, தெருப் போட்டார்கள். இன்று பழைய பங்களாக்கள் இடிந்து அடுக்கு வீடுகளாகிவிட்டன. அடுக்கு வீட்டில் நீங்கள் வாங்குவது சுவரை மட்டும் அல்ல. அடியில் உள்ள மனையில் பிரிக்கப்படாத ஒரு பங்கையும் வாங்குகிறீர்கள். எல்லாருடைய பங்கையும் கூட்டினால் மனையின் அளவுக்கு மேல் போகிறதா என்று வக்கீல் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடையாறு பக்கம் பெசன்ட் நகரில் வீட்டு வசதி வாரியம் கொடுத்த வீடுகளும் மனைகளும் உண்டு. வாரியம் அமைந்தது 1961-ல். ஒதுக்கீட்டு உத்தரவு மட்டும் கையில் இருந்தால் போதாது. தவணை முழுவதும் கட்டி, வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் வாங்கியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

வில்லங்கத்தில் தெரியாத கடன்

வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பார்ப்பது வக்கீல்களின் வழக்கம். ஆனால் அது சுத்தமாக இருந்தால் வீடும் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் தெரியும். பதிவாகாத உயில் தெரியாது. கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் தெரியாமல் போகலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் வீட்டுப் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. எழுத்தே இல்லாமல் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் வில்லங்கச் சான்றில் ஒரு வரியும் இருக்காது!

அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல் நகலைப் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. "அசல் எங்கே?" என்று கேட்பார். "தொலைந்துவிட்டது", "ஊரில் அண்ணனிடம் இருக்கிறது" என்று விற்பவர் மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விசாரித்து முடியும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பத்திரிகையில் பொது அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

பவர் பத்திரம் வைத்திருப்பவர் விற்றால் இரட்டை எச்சரிக்கை தேவை. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்துவிடும். பவர் வாங்கிக்கொண்டால் மட்டும் வீடு சொந்தமாகிவிடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும்.

செலவு எவ்வளவு?

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு மொத்தம் ஒன்பது லட்சம். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. ஆனால் தியாகராய நகரில் பத்து லட்சத்துக்கு வீடு தருகிறேன் என்று யாராவது சொன்னால், சலுகையைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஆளைப் பற்றி யோசிக்க வேண்டும்!

பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்து, உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பட்டா, சொத்து வரி, குடிநீர் வரி, மின்சார இணைப்பு ஆகியவற்றிலும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். பட்டாவுக்கு நகர நில அளவை எண் கேட்பார்கள். அந்த எண் கிரயப் பத்திரத்தில் சரியாக இருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.