புகழும் புடவையும்

கோவளக் கடற்கரையில் ஒரு ஞாயிறு மாலை நின்று பார்ப்பின், நடிகர்களின் முகம் அச்சிட்ட பனியன்களோடு இளைஞர் பலர் உலவுவதைக் காணலாம். இதில் நமக்கு என்ன என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். மக்கள் எதை உடுக்க விரும்புகின்றனரோ, அதனைப் பொறுத்தே நம் தறி ஓடுகிறது. நம் நிலத்துப் பருத்தியும் விலைபோகிறது.

இம்மோகம் புதியதன்று. 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகர் தியாகராஜ பாகவதரைப் போன்று முடி வளர்த்துக்கொண்டோர் பலர். 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்தபின், நடிகை நதியாவின் பெயரால் வளையலும் கம்மலும் கடைத்தெருவில் விற்றன.

இத்தகைய மோகம் விரைவில் வரும், விரைவில் போகும். கைத்தறியாளர் பாவு பூட்டி, நெய்து, சேலையை அறுத்து இறக்குவதற்குள் அது மாறிவிடலாம். விசைத்தறியோ அதற்குள் நூற்றுக்கணக்கில் நெய்து சந்தையை நிரப்பிவிடும். ஆதலின் படத்தின் பெயரை நம்பிச் சரக்கைக் குவிப்பது சங்கத்திற்கு ஆகாது.

எனினும், புகழ் முழுவதும் தீங்கன்று. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் அரையாடை பூண்டார்; ஏழையின் உடை மதிப்பின் சின்னமாயிற்று. 1953-இல் துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் வாடியபோது, அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணிகளைச் சுமந்து விற்றார். திரைமோகம் பொருளை மட்டுமே காட்டிற்று. இவர்களோ பொருளுக்குப் பின்னிருந்த மனிதரைக் காட்டினர்.

கோவளமே இதற்கு அண்மைச் சான்று. இங்கு 2013-இல் அலைச்சறுக்கு விழா தொடங்கியது. கட்டுமரத்தோடு வளர்ந்த மீனவ இளைஞரின் திறனைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் நாடறியச் செய்தன. உழைப்பவன் பிள்ளையின் முகமே செய்தியாயிற்று.

நெசவாளருக்கும் அது வாய்த்தல் வேண்டும். விற்பனை நிலையத்தில் தொங்கும் ஒவ்வொரு சேலையிலும் நெய்தவர் பெயரையும் ஊரையும் எழுதிய சிறு சீட்டு ஒன்றைச் சங்கம் இணைக்கட்டும். செலவு சில காசுகளே. வாங்கும் அம்மையார், "இதை நெய்தவர் இன்னார்" என்று தம் மகளிடம் சொல்லும் நாளில், நம் தறிக்கு வேறு விளம்பரம் வேண்டுவதில்லை.