அந்தரத்திற் பயிலுங் கலை

அரங்கின் முகட்டிலிருந்து இரண்டு செந்துகில்கள் தரைவரை தொங்குகின்றன. இளம்பெண் ஒருத்தி அவற்றைப் பற்றி மேலே ஏறுகிறாள். துணியைத் துடையிலும் இடையிலும் சுற்றிக்கொள்ளுகிறாள். பின்னர் இரு கைகளையும் விட்டுவிடுகிறாள். மறுகணம் அவள் உடல் உருண்டுருண்டு கீழ்நோக்கி வருகிறது. பார்ப்போர் அஞ்சி மூச்சடைத்து நிற்க, தரைக்கு ஓராள் உயரத்தில் துணி இறுகி அவளைத் தாங்கிக்கொள்ளுகிறது. அவள் புன்னகை செய்கிறாள்.

இக்காட்சியைக் கைத்தொலைபேசியிற் கண்ட பிள்ளை, "நானும் இதைப் பழகவேண்டும்" என்று கேட்டால், பெற்றோர் என்ன விடை கூறுவது? ஆபத்து என்று ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். பிள்ளையின் ஆசையாயிற்றே என்று உடனே இசைந்தும் விடலாம். இரண்டுமே ஆராயாது கூறும் விடைகளாகும். இக்கலை எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதை அறிந்து விடை கூறுவதே முறை.

கயிற்றில் ஆடுவோரை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். அவர்தம் ஆட்டத்துக்கு முழங்கும் பறையைக் குறுந்தொகையின் 7ஆம் பாடல் உவமையாக எடுத்தாளுகிறது. மேனாட்டில், பிரான்சு தேசத்துத் தொலூஸ் நகரைச் சேர்ந்த யூல் லெயொத்தார் என்னும் இளைஞர் 1859ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் தேதி பரிஸ் நகரிலே, ஓர் ஊஞ்சற்கோலிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்து காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அவர் தம் தந்தையாரின் உடற்பயிற்சிக் கூடத்தில், நீச்சற் குளத்துக்கு மேலே கோல்களைத் தொங்கவிட்டுப் பழகினார் என்பர். தவறினால் தண்ணீரில் விழலாம் அல்லவா? விழுந்தாலும் கேடு நேராத இடத்திலேதான் கற்றல் தொடங்கவேண்டும் என்னும் விதி அன்றே அறியப்பட்டிருந்தது.

தொங்கும் துணியில் ஆடும் முறை மிக அண்மைக் காலத்தது. கனடாவில் 1984ஆம் ஆண்டு தோன்றிய 'சேர்க் து சொலேய்' என்னும் கலைக்குழுவுக்காக, அந்நாட்டு உடற்பயிற்சி வீரர் அந்திரே சிமார் 1990ஆம் ஆண்டுகளில் இதனை வளர்த்துக் கொடுத்தார். இன்று பல நாடுகளில், மேடையேறும் எண்ணமில்லாத மாணவரும் அலுவலகத்தில் வேலை செய்வோருங்கூட இதனைப் பழகுகின்றனர். துணியோடு, ஏறக்குறைய மூன்றடி குறுக்களவுள்ள இரும்பு வளையமும் பயிற்சிக் கருவியாக விளங்குகிறது.

உலகம் முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டம் இக்கலைக்கு இல்லை. ஆயினும் நல்லாசிரியர்கள் யாவரும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கையே பின்பற்றுகின்றனர்.

முதற்படி தரையை ஒட்டியது. மாணவர் துணியைப் பற்றித் தொங்குவர். அப்பொழுது தோள்கள் காதருகே உயர்ந்துவிடாமற் கீழிழுத்து நிறுத்தப் பழகுவர். பாதத்திலே துணியைச் சுற்றிப் பூட்டுப் போடும் வகையையும், முழங்கால் உயரத்தில் நின்றபடியே வலக்காலிலும் இடக்காலிலும் மாறிமாறிக் கற்பர். ஒரு பக்கம் மட்டும் பழகியவரின் உடல் ஒருபுறமே வலுப்பெற்று மறுபுறம் நலிவடையும்.

இரண்டாம் படி ஏறுதலும் இறங்குதலும். இவ்விரண்டனுள் இறங்குதலே முதன்மையானது. கைகள் சோர்ந்துவிட்டதைக் கீழே நிற்பவர் அறியமாட்டார், ஏறியவரே அறிவார். இறங்குவதற்கு வேண்டிய வலிமையைச் சேமித்து வைத்துக்கொண்டே ஏறவேண்டும்.

மூன்றாம் படி தலைகீழாதல். குதித்து உந்தாமல், வயிற்றுத் தசைகளின் வலிமையாலேயே கால்களை விரித்துத் தலைக்குமேலே கொண்டுசெல்லவேண்டும். மாணவர் பலர் மாதக்கணக்கில் நின்றுவிடும் இடம் இதுவே. வளையத்திற் பழகுவோர் முதலிற் கோலைப் பற்றி முழங்கால்களை மாட்டித் தொங்கி, பின்னர் மேலேறி வளையத்துள் அமரவும் நிற்கவும் கற்பர். துணி போல வளையம் உடலோடு இழைந்து கொடுக்காது. முழங்காலின் பின்புறம் கன்றிப்போவதும், சுழலும்போது தலை சுற்றுவதும் தொடக்கத்தில் வழக்கம்.

நான்காம் படியில், தனித்தனியே கற்ற பூட்டுக்களும் நிலைகளும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டு ஆட்டமாகின்றன. ஐந்தாவதாக, எல்லாவற்றுக்கும் இறுதியில் வருவதே நாம் தொடக்கத்திற் கண்ட வீழ்ச்சி. அங்கே உடலைக் காப்பது துணிவன்று, சுற்றுக்களின் கணக்கேயாம். ஒரு சுற்றுக் குறைந்தாலும் துணி தாங்காது. தாங்கும் கணத்திலோ உடல் நிறையைப் போலப் பல மடங்கு விசை தோளிலும் இடையிலும் மேலுள்ள கொக்கியிலும் தாக்குகிறது.

இந்தப் படிகளை ஏன் விரைந்து கடத்தலாகாது? தசை சில வாரங்களில் வலுப்பெறத் தொடங்கும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ அதனினும் மெதுவாகவே உறுதியடையும். "என்னால் முடியும்" என்று தசை சொல்லும் வேளையில், நாண்கள் இன்னும் ஆயத்தமாகாதிருத்தல் கூடும். வகுப்பேற்றம் பெறாத மாணவனின் வாடிய முகத்தைக் காண்பது எந்த ஆசிரியருக்கும் இனிதன்று. எனினும் கணக்கிலே தவறிய மாணவன் மறுமுறை எழுதலாம். முகட்டிலே தவறியவனுக்கு மறுமுறை வாய்ப்பதரிது. இங்கே "இன்னும் இல்லை" என்று கூறுவதே ஆசிரியரின் அன்பு.

ஆற்றல் முதிர்ந்தால் அச்சமில்லை என்று கருதுவதும் பிழை. ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய லிலியன் லைற்செல் என்னும் அம்மையார், ஒற்றைக் கையாற் கயிற்றைப் பற்றித் தம் உடலைத் தோளுக்கு மேலாக நூறு முறைக்கு மேல் தொடர்ந்து சுழற்றிக் காட்டியவர். 1931ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் தேதி, கொப்பனேகன் நகர அரங்கொன்றில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, கயிற்றைத் தாங்கிய சுழல் இணைப்பு முறிந்தது. இரு நாட்களின் பின் அவர் உயிர் நீத்தார். தவறியது அவர் கை அன்று, இரும்பு. ஆதலாற் கொக்கியையும் கயிற்றையும் துணியையும் ஒவ்வொரு முறையும் சோதித்தறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியேயாம். வீட்டு முகட்டு வளையிலோ மாமரக் கிளையிலோ சேலையைக் கட்டித் தாமாகவே பழக முயலுதல் எவ்வாற்றானும் ஆகாது.

பயிற்சிக்குச் செல்லும் பிள்ளை மோதிரம், காப்பு, சங்கிலி யாவற்றையும் கழற்றிவிடவேண்டும். துணி உரசினால் தோல் எரிந்து புண்ணாகும். ஆகையால் இடையையும் முழங்காலின் பின்புறத்தையும் மூடிய உடை அவசியம். கீழே தடித்த மெத்தை இருத்தல் வேண்டும்.

பெற்றோர் ஆசிரியரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். கருவிகளைச் சோதிப்பவர் யார்? என் பிள்ளை முதல் மாதத்தில் எவ்வளவு உயரம் ஏறும்? எப்பொழுது அதனை நீங்கள் தடுத்து நிறுத்துவீர்கள்? மூன்றாவதற்குத் தெளிந்த விடை கூறும் ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம்.

அப்பொழுது பிள்ளையிடமும் ஒன்று சொல்லுங்கள். அந்தப் பெண் கைகளை விட்டது ஒரு கணம். கைகளை விடத் தகுதி பெற்றதோ பல ஆண்டுகளில். அந்த ஆண்டுகளை விரும்புகிறாயா என்று கேளுங்கள். ஆம் என்றால், தடை செய்யாதீர்கள்.