தூண்டிலுக்கு முன்னே அணையின் அட்டவணை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடகோடியில் கோடைப் பகல் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் மழை 150 மில்லிமீட்டர் அளவுதான். சுற்றிலும் செம்பாறையும் கள்ளியும் புழுதியும். அந்த வெயிலில், லீஸ் ஃபெரி என்ற துறையில் கொலராடோ ஆற்றுக்குள் இறங்குகிறவர்கள் கம்பளிக் காலுறை போட்டு, அதன்மேல் மார்புவரை வரும் நீர்புகா உடுப்பையும் மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். காரணம், பல ஆண்டுகளில் அங்கே ஆற்று நீர் 10 டிகிரியை ஒட்டியே இருந்திருக்கிறது. அதில் துள்ளுவது ரெயின்போ டிரவுட். நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கப்படும் அதே குளிர்நீர் மீன்.

பாலைவன ஆற்றில் இந்த மீனுக்கு என்ன வேலை? 25 கிலோமீட்டர் மேலே நிற்கும் கிளென் கேன்யன் அணையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 216 மீட்டர் உயரமுள்ள இந்தக் கான்கிரீட் அணை 1963-ல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு கொலராடோ செம்மண் குழம்பாக ஓடிய ஆறு. குளிர்காலத்தில் உறைநிலையைத் தொடும்; கோடையில் 27 டிகிரிக்கு மேலும் சூடேறும். வசந்தத்தில் மலைப்பனி உருகி வெள்ளம் புரளும். அந்த முரட்டு வாழ்க்கைக்கென்றே பழகிய மீன்கள் அதில் இருந்தன: முதுகில் திமில் கொண்ட ஹம்ப்பேக் சப், கத்தி விளிம்பு போன்ற முதுகுள்ள ரேசர்பேக் சக்கர், ஆளுயரத்துக்கு வளரக்கூடிய கொலராடோ பைக்மின்னோ.

அணை வந்ததும் வண்டல் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிட்டது. கீழே வந்தது பளிங்கு போலத் தெளிந்த, குளிர்ந்த நீர். வெயில் ஆற்றின் அடிவரை இறங்கியதால் பாசி தழைத்தது. 1964-ல் டிரவுட் குஞ்சுகளை விட்டார்கள். அவற்றுக்குத் தீனியாக ஸ்கட் எனப்படும், இறாலை ஒத்த சிற்றுயிர்களையும் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே லீஸ் ஃபெரி நாடறிந்த தூண்டில் தலமாகிவிட்டது. பைக்மின்னோ கிராண்ட் கேன்யனிலிருந்தே மறைந்துபோனது. ஹம்ப்பேக் சப் 1967-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் ஏறியது.

ஆக, இங்கே மீன் பிடிக்கத் திட்டமிடுகிறவர் வானிலையைப் பார்ப்பதற்கு முன் அணையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கே நிற்பது?

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் கொலராடோவில், வண்டியிலேயே நீர் விளிம்புவரை வரக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. லீஸ் ஃபெரி அவற்றில் ஒன்று. 1870-களில் இங்கே பரிசல்துறை வந்ததும், கிராண்ட் கேன்யன் ரப்பர் படகுப் பயணங்கள் இங்கிருந்தே புறப்படுவதும் அதனால்தான். ஆற்றின் மைல் கணக்கும் இங்கேதான் பூஜ்யத்தில் தொடங்குகிறது. 1922-ல் ஏழு மாநிலங்கள் செய்துகொண்ட ஆற்றுநீர் உடன்பாடு, மேல்படுகை, கீழ்படுகை என்று கொலராடோவைப் பிரித்ததும் இதையொட்டிய புள்ளியில்தான்.

தூண்டில்காரர்கள் வாடகைப் படகிலோ வழிகாட்டியின் படகிலோ அணையை நோக்கி மேலேறுகிறார்கள். ஹார்ஸ்ஷூ பெண்ட் என்று உலகமே படமெடுக்கும் குதிரைலாட வளைவு இந்த வழியில்தான் வருகிறது. படகு இல்லாதவர்களுக்குத் துறையை ஒட்டியே நடந்து இறங்கும் பகுதி உண்டு. சற்றுக் கீழே பரியா ஆறு வந்து கலக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையில், எங்கோ மேட்டில் பெய்த ஒரு மழைக்கு அது சேற்று வெள்ளமாகப் பாயும். அப்போது சங்கமத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழம்கூடத் தெரியாது. மேலே நீர் தெளிவாகவே இருக்கும்.

எந்த நேரம்?

கிளென் கேன்யன் அணையில் எட்டு டர்பைன்கள். மொத்த மின்திறன் சுமார் 1,300 மெகாவாட். நகரங்களில் ஏ.சி. ஓடும் நேரத்தில் மின்தேவை கூடும், அணை கூடுதல் நீரைத் திறக்கும். நள்ளிரவில் தேவை குறையும், நீரும் குறையும். அதனால் கடலே இல்லாத பாலைவனத்தில் ஆறு தினமும் ஏறி இறங்குகிறது. இதற்கு வரம்புகள் உண்டு. வழக்கமான இயக்கத்தில் இரவில் விநாடிக்கு 5,000 கன அடிக்கும், பகலில் 8,000 கன அடிக்கும் குறையக்கூடாது. 25,000 கன அடியைத் தாண்டக்கூடாது. ஒரு மணி நேரத்தில் 4,000 கன அடி வரை கூட்டலாம். குறைக்கும்போது 2,500 வரை.

வரம்புக்குள்ளேயே இது பெரிய மாற்றம். காலையில் முழங்கால் நீரில் கடந்து சரளைத் திட்டுக்குப் போனவர், பிற்பகலில் திரும்ப வழியில்லாமல் அங்கேயே நிற்க நேரலாம். அணையில் திறந்த நீர் லீஸ் ஃபெரிக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அணையை நிர்வகிக்கும் மத்திய அரசின் ரெக்ளமேஷன் பணியகம் நீர்த்திறப்பு விவரங்களை வெளியிடுகிறது. அந்த அட்டவணையோடு பயண நேரத்தையும் கூட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவரே இங்கே நல்ல வழிகாட்டி.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல். கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதி நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது. ஆனால் ஆற்றின் கிழக்கே பரந்து கிடக்கும் நவஹோ பழங்குடிப் பிரதேசம் தள்ளும். எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்பக் கைபேசி நேரம் தாவும். அதிகாலைப் படகுக்குப் புறப்படுகிறவர்கள் கையில் ஒரு சாதாரண கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது.

என்ன இரை?

மண்புழுவுக்கு இங்கே அனுமதி இல்லை. அணைக்கும் லீஸ் ஃபெரிக்கும் இடைப்பட்ட பகுதியில் செயற்கை இரை மட்டுமே போடலாம். தூண்டில் முள்ளில், மாட்டிய மீன் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்க்கொம்பு இருக்கக்கூடாது. விடுவிக்கும் மீனின் வாய் கிழியாமலிருக்க இந்த ஏற்பாடு. பலரும் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிகளைக் கொண்டுவருகிறார்கள். பொய்ப்பூச்சி என்றால் நிஜப்பூச்சியை ஒத்திருக்க வேண்டும். இந்த ஆற்றிலோ பூச்சி வகைகளே குறைவு.

குளிர்ந்த டிரவுட் ஆறுகளில் வழக்கமாக மொய்க்கும் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை ஆகியவை இங்கே அபூர்வம். இருப்பவை பெரும்பாலும் மிட்ஜ் எனும், கடிக்காத கொசு போன்ற சிறுபூச்சிகள். ஏன் இப்படி என்பதற்கான விடையை 2016-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் தியடோர் கென்னடி குழு வெளியிட்டது. கிராண்ட் கேன்யன் வழியே படகில் போகும் சாதாரணப் பயணிகளையும் வழிகாட்டிகளையும் அவர்கள் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். முகாம் போடும் இடத்தில் மாலை வேளையில் ஒரு விளக்குப் பொறியைக் கரையில் வைத்து, விழும் பூச்சிகளைச் சேகரித்துத் தருவதுதான் அவர்கள் வேலை. ஆயிரக்கணக்கில் மாதிரிகள் சேர்ந்தன.

பல பூச்சிகள் அந்தி நேரத்தில் நீர் விளிம்பை ஒட்டிய கல்லிலும் செடியிலும் முட்டை இடுகின்றன. நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் முட்டை இட்டால், சில மணி நேரத்தில் நீர் இறங்கிவிடும். பாலைவன வெயிலில் முட்டை காய்ந்து செத்துப்போகும். அணையிலிருந்து வரும் தினசரி நீரலை ஒவ்வோர் இடத்தையும் ஒவ்வொரு நேரத்தில் அடைகிறது. அந்தி வேளையில் நீர் தாழ்ந்திருக்கும் இடங்களில் மிட்ஜ் மிகுதியாகவும், உயர்ந்திருக்கும் இடங்களில் குறைவாகவும் இருப்பதைப் பொறிகள் காட்டின. மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் பூச்சியின் வரைபடமாகவே பதிவாகியிருந்தது.

அதிலிருந்து ஒரு பரிசோதனை பிறந்தது. மின்தேவை குறைவான சனி, ஞாயிறுகளில் நீரைத் தாழ்வாகவும் சீராகவும் விட்டால், அந்த இரண்டு நாளில் இடும் முட்டைகள் வாரம் முழுக்க நனைந்தே இருக்கும். மின்சார வருவாயிலும் பெரிய இழப்பு இல்லை. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை முதன்முறையாக இது நடந்தது. பிறகும் சில கோடைகளில் தொடர்ந்தது. இது நடக்கும் ஆண்டில் வார இறுதியைத் தேர்ந்தெடுக்கும் தூண்டில்காரருக்கு, இறங்கி நிற்கச் சரளைத் திட்டுகளும் கூடுதலாகக் கிடைக்கும்.

எதை விடுவது, எதை எடுப்பது?

பத்து வயது நிறைந்தவர்கள் அரிசோனாவில் தூண்டில் போட உரிமச் சீட்டு வாங்க வேண்டும். பிடித்ததில் எதைக் கொண்டுபோகலாம் என்பது அவ்வப்போது மாறும் விதி. கிளம்பும் முன் மாநில மீன், வனவிலங்குத் துறையின் நடப்பு அறிவிப்பைப் பார்ப்பதே வழி. இதில் பிரவுன் டிரவுட்டின் கதை தனி. மற்ற மீன்களைத் தின்னும் இந்த ஐரோப்பிய இனம் லீஸ் ஃபெரியில் பெருகத் தொடங்கியபோது, 120 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், லிட்டில் கொலராடோ என்ற துணையாறு வந்து கலக்கும் சங்கமத்தில் வாழும் ஹம்ப்பேக் சப்புக்கு ஆபத்து வருமோ என்ற அச்சம் எழுந்தது.

முன்பு 2003 முதல் 2006 வரை, அந்தச் சங்கமத்தில் நீரில் மின்சாரம் பாய்ச்சி டிரவுட்களைப் பிடித்து அகற்றினார்கள். தங்கள் புனித இடத்தில் உயிர்களைக் கூட்டமாகக் கொல்வதை ஸூனி பழங்குடியினர் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பையும் மனதில் வைத்து, பிடித்தவரே மீனைச் சமைத்து உண்ணட்டும் என்ற ஏற்பாட்டைத் தேசியப் பூங்காத் துறை 2020 நவம்பரில் கொண்டுவந்தது. 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிரவுன் டிரவுட்டைப் பிடித்து, அதன் தலையையும் குடலையும் ஒப்படைத்தால் தொடக்கத்தில் மீனுக்கு 25 டாலர் கிடைத்தது. ஹம்ப்பேக் சப் 2021-ல் ஆபத்து ஒரு படி குறைந்த இனங்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

நீர் குறைந்தால் சூடு ஏறும்

கோடையில் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும்: மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், கால் போகும் ஆழத்தில் சில்லென்று இருக்கும். பவல் ஏரி என்ற இந்த நீர்த்தேக்கமும் அப்படித்தான். டர்பைனுக்கு நீர் எடுக்கும் குழாய்வாய் கடல்மட்டத்திலிருந்து 3,470 அடியில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் நீர்மட்டம் 3,700 அடி. அப்போது குழாய் சுமார் 70 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரை உறிஞ்சும். 2000-த்திலிருந்து நீளும் வறட்சியில், 2023-ன் தொடக்கத்தில் மட்டம் சுமார் 3,520 அடிக்கு இறங்கியது. குழாய்க்கு மேலே 15 மீட்டர் நீர்தான் மிச்சம். வறட்சி முற்றிய ஆண்டுகளின் கோடையில் வெயிலில் காய்ந்த மேல்நீரே ஆற்றுக்கு வந்தது.

டிரவுட்டுக்கு இது இரட்டை அடி. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: கடல்மட்ட அழுத்தத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 20 டிகிரி நீர் சுமார் 9 மட்டுமே. சூட்டில் மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. இன்னொரு பக்கம், ஏரியின் மேல்நீரில் வாழும் ஸ்மால்மவுத் பேஸ் என்ற கொன்றுண்ணி மீன்கள் டர்பைன் வழியே தப்பிவந்து, 2022 கோடையில் அணைக்குக் கீழே ஒரு தேங்குகழியில் குஞ்சு பொரித்திருப்பது தெரியவந்தது. சுமார் 16 டிகிரி நீரில் அவை முட்டையிடத் தொடங்கும்.

2024 ஜூலையில் தொடங்கி நவம்பர் வரை, டர்பைனுக்கு நீர் எடுக்கும் குழாய்வாய்க்கு ஏறக்குறைய 30 மீட்டர் கீழே உள்ள மாற்றுக் குழாய்களையும் திறந்து ஆற்றைக் குளிர்வித்தார்கள். இலக்கு 15.5 டிகிரி. அந்த ஆண்டு பேஸ் புதிதாகக் குஞ்சு பொரித்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் குழாய்களில் டர்பைன் கிடையாது. அவற்றின் வழியே போகும் நீரால் மின்சாரம் வராது. அந்த இழப்பை ஊரகக் கூட்டுறவுகளும் பழங்குடி மின்வாரியங்களும் வெளியே வாங்கித்தான் ஈடுசெய்ய வேண்டும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இந்த முடிவுக்கு எதிர்ப்பும் ஆதரவும் சேர்ந்தே வருகின்றன.

அடுத்த ஆண்டுப் பயணத்தை இப்போதே யோசிக்கிறவருக்கு ரெக்ளமேஷன் பணியகம் மாதாமாதம் வெளியிடும் 24 மாத நீர்மட்டக் கணிப்பு உதவும். ஏரி தாழ்ந்திருக்கும் என்று அது சொன்னால், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. மேல்நீரின் சூடு அப்போதுதான் உச்சமாகக் கீழே வரும். ஏரி குளிர்ந்து மேல்நீரும் அடிநீரும் கலந்துவிடும் குளிர்காலமும், வசந்தத்தின் தொடக்கமும் டிரவுட்டுக்கு ஏற்ற நேரம். தூண்டிலில் ஸ்மால்மவுத் பேஸ் மாட்டினால் அதைத் திரும்ப ஆற்றில் விடாமல் எடுத்துக்கொண்டு, பிடித்த இடத்தைத் தெரிவிக்கும்படி அதிகாரிகள் கேட்டுக்கொள்கிறார்கள்.