ஒரு கிளி போதும், 20 கிளிகள் பறக்கும்!

மல்டிமீடியா புரோகிராம்களில் பறவை, மீன், மழைத்துளி என ஒரே உருவம் பல இடங்களில் அசைவதைப் பார்த்திருப்பீர்கள். திரையில் 20 கிளிகள் பறந்தால், கம்ப்யூட்டர் 20 கிளிப் படங்களையா வைத்திருக்கிறது? நன்றாக எழுதப்பட்ட புரோகிராம் என்றால், இல்லை. மெமரியில் இருப்பது ஒரே கிளிதான். அதுவே 20 இடங்களில் வரையப்படுகிறது.

சொந்தமாக அனிமேஷன் செய்யத் தொடங்கும் பலர் இதைக் கவனிப்பதில்லை. உருவங்கள் கூடக் கூட புரோகிராம் திணறும். உடனே, ராம் மெமரி போதவில்லை என்று எண்ணிச் செலவு செய்யக் கிளம்பிவிடுவோம்.

மெமரிக் கணக்கு

"என் படம் 30 கேபி தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அது ஹார்ட் டிஸ்க்கில் சுருக்கி வைக்கப்பட்ட பைலின் அளவு. திரையில் காட்டும்போது படம் பொதுவாக முழுவதுமாக விரிக்கப்படும். ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் என வைத்துக் கொள்வோம். 400 x 400 புள்ளிகள் கொண்ட படத்திற்கு 6,40,000 பைட் தேவை. சிறகடிப்பதைக் காட்ட இதுபோல் 10 படங்கள் என்றால் சுமார் 6 எம்.பி. ஆகும். 20 கிளிகளுக்கும் தனித்தனியே லோட் செய்தால் சுமார் 122 எம்.பி. போய்விடும். ஒரே முறை லோட் செய்து பகிர்ந்து கொண்டால் அதே 6 எம்.பி. போதும்.

எது பொது, எது தனி?

படங்கள் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு கிளியும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பறக்கிறது, இப்போது எத்தனையாவது படத்தில் இருக்கிறது என்பவை மட்டுமே தனி. இவை வெறும் எண்கள் என்பதால் மிகச் சிறிய இடமே பிடிக்கும். ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றுதான். குத்தும் இடம்தான் வேறு.

இது பழைய உத்திதான். 1985ல் நின்டென்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு மொத்தமே 40 கேபி. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டும் வேறு. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஆதரவை நிறுத்திய பிளாஷிலும், லைப்ரரியில் ஒரு சிம்பலை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் மேடையில் இழுத்துப் போடலாம். மூலச் சிம்பலைத் திருத்தினால் அத்தனையும் மாறிவிடும்.

செய்து பாருங்கள்

எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவான ஸ்கிராட்ச் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இந்த வசதிக்கு க்ளோன் என்று பெயர்.

1. லைப்ரரியிலிருந்து பேரட் ஸ்பிரைட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் சிறகுக்கு 2 காஸ்ட்யூம்கள் உள்ளன.

2. பச்சைக் கொடியைக் கிளிக் செய்ததும் நடக்க வேண்டியவை: முதலில் ஹைட். பிறகு ரிப்பீட் 20. அதற்குள் கிரியேட் க்ளோன் ஆப் மைசெல்ப்.

3. வென் ஐ ஸ்டார்ட் ஆஸ் எ க்ளோன் என்பதன் கீழ், ரொட்டேஷன் ஸ்டைலை லெப்ட்-ரைட் என அமையுங்கள். இல்லையேல் ஓரத்தில் திரும்பும் கிளி தலைகீழாகிவிடும். பின் கோ டு ரேண்டம் பொசிஷன், ஷோ ஆகியவற்றைச் சேருங்கள். மூலக்கிளி மறைந்திருப்பதால் க்ளோன்களும் மறைந்தே பிறக்கும். ஷோ கட்டாயம் தேவை.

4. அடுத்து வெய்ட் கட்டளையில் பிக் ரேண்டம் 0.1 டு 0.5 என்பதை வையுங்கள். இதை விட்டால் எல்லாக் கிளிகளும் ராணுவ அணிவகுப்பு போல் ஒரே நேரத்தில் சிறகடிக்கும்.

5. கடைசியாக பாரெவர். அதனுள் நெக்ஸ்ட் காஸ்ட்யூம், மூவ் 5 ஸ்டெப்ஸ், இப் ஆன் எட்ஜ் பவுன்ஸ், வெய்ட் 0.1.

ஸ்பிரைட்டை 20 முறை டூப்ளிகேட் செய்தும் இதே காட்சியைப் பெறலாம். ஆனால் வேகத்தை மாற்ற நினைத்தால் 20 இடங்களில் திருத்த வேண்டும். க்ளோனில் ஒரே இடம் போதும்.

கவனம் தேவை

ஸ்கிராட்சில் ஒரே நேரத்தில் 300 க்ளோன்கள் வரைதான் இருக்க முடியும். துப்பாக்கிக் குண்டு, மழைத்துளி போன்றவை திரையைத் தாண்டியதும் டிலீட் திஸ் க்ளோன் கட்டளையால் நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் சிறிது நேரத்தில் புதிய குண்டுகள் வராது; பிழைச் செய்தியும் தோன்றாது. வேறு மொழிகளில் புரோகிராம் எழுதுபவர்கள், படத்தைக் கடைசி உருவமும் பயன்படுத்தி முடித்த பிறகே மெமரியிலிருந்து அகற்ற வேண்டும்.

ரிப்பீட் எண்ணை 20லிருந்து 200 ஆக மாற்றி இயக்கிப் பாருங்கள். புதிய ராம் வாங்கும் யோசனையை அதன் பிறகு வைத்துக் கொள்ளலாம்.